நெஞ்சுக்கறி கேட்டு வாங்குவோம்

மாட்டுக்கறியைப் பற்றிப் பேச இன்றைக்கு ஆள் நிறைய இருக்கிறது. வாங்கத்தான் ஆள் குறைச்சல். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் அடுப்பில் ஏற்றி, தன் பிள்ளைக்குப் போட ஆள் இன்னும் குறைச்சல். மேடையில் உணவு அரசியல், கருத்தரங்கில் உண்ணும் உரிமை, சுவரொட்டியில் எதிர்க்கலாச்சாரம். கூட்டம் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாக் கடையில் ஒரு பிளேட் பீஃப் வறுவல். அத்தோட கலகம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வாயைக் கொப்புளிச்சு, ரெண்டு பாக்கை மென்னுகிட்டே போற தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். எதுக்குங்க தோழர் பாக்கு? யாருக்குப் பயந்து?

கடையில் தின்பது சுலபம். கடைக்குச் சாதி கேட்கத் தெரியாது, காசு கேட்கத்தான் தெரியும். வீடு அப்படியில்லை. நாலு பக்கமும் கண்ணும் மூக்கும் வைத்துக்கொண்டு ஊர் உட்கார்ந்திருக்கிறது. சாதி குடியிருக்கிற இடம் மேடையில்லை, அடுப்படி. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய் ஒரு கிலோ நெஞ்சுக்கறி கேட்டு வாங்கி, தூக்குவாளியில் போட்டுத் தெருவோடு எடுத்துவந்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மூணு மணி நேரம் வேகவைப்பது எந்த மாட்டுக்கறி விருந்து விழாவையும்விடக் கஷ்டமான அரசியல் என்று சொல்கிறேன். இதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப்போகிறேன்.

முதலில் கடை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே உரிச்ச ஆடு முழுசாத் தொங்கும். ரத்தம் சொட்டும். வாலில் ரெண்டு முடியைக்கூட விட்டு வைத்திருப்பான், வெள்ளாடு என்று காட்ட. அதைப் பார்த்துக் கோயிலுக்குப் போகிறவர் யாரும் முகம் சுளிப்பதில்லை. மாட்டுக்கறிக் கடையோ ஊர்க் கடைசியில், காலனிக்குப் போகிற சந்தில், சாக்கடை ஓரத்தில் இருக்கும். முன்னால் ஒரு பச்சைத் துணி தொங்கும். கறியையும் கறி வாங்குகிறவர் முகத்தையும் சேர்த்து மறைக்கிற துணி அது. வெட்டின கறியை முதலில் பேப்பரில் சுற்றுவார்கள், அப்புறம் கறுப்புப் பையில் போடுவார்கள். ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை. அந்தத் தடை வந்த பிறகும் இந்தக் கறுப்புப் பை ஒழியவில்லை. கேட்காமலே கொடுக்கிறார்கள். நம் கறிக்கு மட்டும் ஏன் கறுப்புப் பை என்று கேட்டால் கடைக்கார பாய் சிரிக்கிறார். "எல்லாச் சாதிக்காரனும்தான்மா வாங்குறான். உங்காளுங்க நேரா வருவாங்க, மத்தவன் ஆள் விட்டு வாங்குவான்" என்றார் ஒருவர்.

அடுத்து கறி. நெஞ்சுக்கறி என்பது மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவில், கழுத்துக்குக் கீழே இருக்கிற மார்புத் தசை. மனிதருக்கு இருக்கிற காறை எலும்பு மாட்டுக்குக் கிடையாது. உடம்புப் பாரத்தில் பாதிக்கு மேல் முன்னங்கால் மேல்தான் விழுகிறது. முன்னங்காலை உடம்போடு இழுத்துப் பிடித்திருப்பது தசைதான். மாடு நின்றாலும் நடந்தாலும் வண்டி இழுத்தாலும் நெஞ்சுக்கு ஓய்வில்லை. அதனால்தான் அந்தக் கறி முழுக்க நாரும் சவ்வும் கொழுப்புமாக இருக்கிறது. அவசரக்காரன் வாயில் போட்டால் செருப்பை மெல்லுகிற மாதிரிதான் இருக்கும். பொறுமையாக வேகவைத்தால் அதே சவ்வு கரைந்து பசையாகி, கறியைப் பஞ்சு மாதிரி ஆக்கி, குழம்பையும் கெட்டியாக்கும். 70 டிகிரிச் சூட்டுக்கு மேல் மெல்ல மெல்ல நடக்கிற வேலை இது. தொடைக்கறியில் இந்த ருசி வராது. உழைக்காத தசைக்கு ருசி குறைவு என்பது சமையல்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

நம் ஊரில் கிடைக்கிற மாடு கிழட்டு மாடு என்கிறார்கள். ஆமாம், கிழட்டு மாடுதான். அது நம் ருசி செய்த கோளாறு இல்லை, சட்டம் செய்த ஏற்பாடு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயசு தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக உதவாமல் போய்விட்டது என்றோ அதிகாரி சான்று கொடுத்தால்தான் மாட்டை அறுக்கலாம். 1976 ஆகஸ்டு 30ஆம் தேதி வந்த அரசாணை, அறுப்புக்கூடங்களில் பசுவை அறுக்கவே தடை போட்டது. ஆக, பத்து வருசம் பண்ணையார் நிலத்தை உழுது, மூட்டை இழுத்து, சக்கையாய்ப் போன பிறகுதான் நம்ம கைக்கு வருகிறது. மாடும் அப்படி, கூலிக்காரனும் அப்படி. இளங்கன்று கறியைத் தட்டில் வைத்து மெச்சுகிற நாடுகளில் எழுதின சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் கறியை முரடு என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. முரட்டுக் கறியை மெத்தென்று ஆக்கத் தெரிந்த கை எங்கள் அம்மாக்களின் கை. அதுவும் ஒரு கல்விதான். எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குப் பட்டம் கொடுக்கவில்லை.

அந்தக் கல்வியைக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன். நம் பெண்கள் நிறைய பேருக்கு இப்போது இது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

கடையில் போய், "ஒரு கிலோ கறி குடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கையில் கிடைத்ததைத் தள்ளுவார்கள். "நெஞ்சுல போடுங்க, கொழுப்போட போடுங்க, சவ்வை எடுக்காதீங்க" என்று கேளுங்கள். கொழுப்பைப் பாருங்கள். மாட்டுக் கொழுப்பு கொஞ்சம் மஞ்சளோடிக் கிடக்கும், எருமைக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், எருமைக் கறி நிறமும் கருப்புப் பாய்ந்திருக்கும். எருமை என்றால் இன்னும் கூடுதல் நேரம் வேகவிடணும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். நார் போக்கிலேயே வெட்டினால் எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் கயிறு மாதிரி சிக்கும். எலும்போடு வேண்டுமென்றால் நெஞ்செலும்பையும் கேட்டு வாங்குங்கள், ரசம் வைக்க அதைப்போல எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கொழுப்பைத் தனியாக அரிந்து சட்டியில் போட்டு உருக்குங்கள். எண்ணெய் தேவையில்லை. அந்தக் கொழுப்பிலேயே பட்டை, கிராம்பு, சோம்பு, ஒரு படி சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு. எங்க அம்மா சொல்றது: "வெங்காயத்துல கஞ்சத்தனம் பண்ணாத, கறி கோச்சுக்கும்." மஞ்சள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் போட்டு, கறியையும் போட்டுப் பிரட்டி, அது விடுகிற தண்ணியிலேயே கொஞ்ச நேரம் வதங்க விடணும். அப்புறம் வெந்நீர். பச்சைத் தண்ணி ஊற்றினால் கறி விறைத்துக்கொள்ளும் என்பாள் அம்மா. மண்சட்டியும் விறகும் என்றால் சிறு தீயில் மூணு மணி நேரம். குக்கர் என்றால் முதல் விசிலுக்கப்புறம் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம். ரொம்ப முத்தல் என்றால் ஒரு துண்டு பப்பாளிக்காயைத் தோலோடு போடலாம். கடைசியாக நுணுக்கின மிளகு, கறிவேப்பிலை. அன்றைக்குத் தின்றதுபோக, மறுநாள் காலையில் பழைய சோற்றோடு அந்தக் குழம்பைத் தின்ன வேண்டும். உறைந்து போன குழம்பை விரலால் வழித்துத் தின்னவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதில் சுகக்கேடு இல்லையா, கொழுப்பு ஆகாதே என்று ஒரு வைத்தியர் குரல் கேட்கும். வாரம் ஒருநாள் தின்கிற, வாரம் பூராவும் உடம்பு நோக வேலை செய்கிற சனத்திடம் இதைச் சொல்ல வேண்டாம். ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் குறைவான விலைக்கு நாலு பிள்ளைகளுக்கும் வயிறு நிறையக் கிடைக்கிற சத்து வேறு என்ன இருக்கிறது என்று அந்த வைத்தியர் சொல்லட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூணு மணி நேரம் என்றேன் இல்லையா? அந்த மூணு மணி நேரமும் வாசம் போகும். பரோட்டாக் கடைத் தோழருக்கு இல்லாத பிரச்சினை இது. நகரத்தில் வாடகைக்கு இருக்கிற தலித் பெண்ணுக்கு மட்டுமே இருக்கிற பிரச்சினை.

நாங்கள் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில், குடிபோன மூணாவது வாரம் நெஞ்சுக்கறி வைத்தேன். மத்தியானம் வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, "என்ன சமையல், வாசம் ஒரு மாதிரி இருக்கே" என்றார். "மாட்டுக்கறிங்க" என்றேன். அந்த அம்மா வீட்டில் வாரம் ரெண்டு நாள் மீன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. சைவமில்லை. முகம் அப்படியே மாறியது. "நீங்க அவங்களா? சொல்லவே இல்லையே" என்றார். பேர் கேட்டு, ஊர் கேட்டு, அப்பா என்ன வேலை என்று கேட்டுக் கண்டுபிடிக்க முடியாததை ஒரு குழம்பு வாசம் கண்டுபிடித்துக் கொடுத்தது. அடுத்த மாசம் பிள்ளைக்குக் கல்யாணம், வீடு வேணும் என்றார்கள். நாங்கள் காலி பண்ணின பிறகு அந்த வீட்டுக்கு வேறு ஆள் வாடகைக்குத்தான் வந்தார்கள்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை, படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு நடந்திருக்கும். அதனால் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கறியை ராத்திரியில் வேகவைக்கிறார்கள். ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஊதுபத்தி கொளுத்துகிறார்கள், சாம்பிராணி போடுகிறார்கள். குக்கர் விசிலை எண்ணிப் பயப்படுகிறார்கள். எலும்பைப் பேப்பரில் சுற்றி நாலு தெரு தள்ளிப் போய்க் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள். உப்புக்கண்டம் போடுகிறதையே விட்டுவிட்டார்கள். மாடியில் கயிறு கட்டிக் கறியைக் காயப்போட்டால் ஊருக்கே சாதிச் சான்றிதழை ஒட்டின மாதிரி ஆகிவிடும். பிள்ளைக்கு ஸ்கூலுக்குக் கட்டிக்கொடுத்தால், "மட்டன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு அம்மா சொல்லிக்கொடுக்கிற முதல் பொய் அதுதான். ஆக்குகிற வேலை பெண்ணுக்கு, மறைக்கிற வேலையும் பெண்ணுக்கு. மேடையில் மாட்டுக்கறி உரிமை பேசுகிற ஆண் தோழர்கள் இந்த ரெண்டாவது வேலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா?

இனி நம் ஆட்களுக்கு. படித்து, வேலைக்குப் போய், காலனியை விட்டு வந்த நம்மவர் சிலர் சொல்கிறார்கள்: "ஏம்மா இன்னும் அதையே புடிச்சுத் தொங்குற? அம்பேத்கரே விடச் சொன்னாரே." அம்பேத்கரைச் சரியாகப் படித்துவிட்டுப் பேசுவோம். 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டுக்கறியை, எச்சிலை, எறிகிற மிச்சத்தை. ஊரில் மாடு செத்தால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் இழுத்துப் போகணும், அதற்குக் கூலி அந்தப் பிணம். இழுக்க மாட்டேன் என்று சொல்ல உரிமை கிடையாது. அது உணவு இல்லை, அடிமைச் சேவகம். அதைத்தான் அவர் உதறச் சொன்னார். சரியாகச் சொன்னார். எங்கள் தாத்தாக்கள் அந்த வேலையை விட்டதற்காக அடி வாங்கியிருக்கிறார்கள்.

அதற்கும், உழைத்த காசைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் நின்று, "நெஞ்சுல போடு, சவ்வோட போடு, அந்தத் துண்டு வேணாம், இந்தத் துண்டு" என்று கேட்டு வாங்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். செத்த மாட்டில் இடம் கேட்க முடியாது. கிடைத்ததைத் தின்ன வேண்டும். எந்த இடத்துக் கறி வேண்டும் என்று சொல்லுகிற வாய் இருக்கிறதே, அது அடிமையின் வாய் இல்லை. அம்பேத்கர் கேட்ட சுயமரியாதை இந்தக் கேட்டு வாங்குவதில் இருக்கிறது. கறியை ஒளித்துவைப்பதில் இல்லை. மாட்டுக்கறியை விட்டுவிட்டால் நம்மைச் சேர்த்துக்கொள்வான் என்று நினைத்து விட்டவர்களைக் கேட்கிறேன், சேர்த்துக்கொண்டானா? கறியை விட்டாய், பேரை மாற்றினாய், பேச்சை மாற்றினாய். பொண்ணு கொடுத்தானா?

அதே அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் யார் என்று எழுதின நூலில் என்ன சொன்னார்? மாட்டை யாகத்தில் வெட்டித் தின்றவர்கள்தான் பார்ப்பனர்கள், பௌத்தத்தோடு போட்டியில் ஜெயிக்க அதை விட்டார்கள், விடமுடியாமல் தொடர்ந்து தின்ற சிதறுண்ட மக்களைத் தீண்டப்படாதவராக்கினார்கள் என்று வாதம் வைத்தார். தின்றவன் திருந்திப் புனிதனானான், தின்ன வைக்கப்பட்டவன் தீட்டானான். தமிழிலும் கதை வேறில்லை. அகநானூறு 309ஆம் பாட்டில் மழவர்கள் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவைக் கொன்று தின்கிறார்கள். புலவர் முகம் சுளிக்கவில்லை. சில நூற்றாண்டு கழித்து அப்பர் வருகிறார். மாட்டை உரித்துத் தின்கிற புலையரானாலும் சிவனுக்கு அன்பராக இருந்தால் கும்பிடுவேன் என்று பெரிய மனசோடு பாடுகிறார். அந்த 'ஆனாலும்' இருக்கிறதே, அதற்குள்தான் ஆயிரத்து முந்நூறு வருசத்துத் தீட்டு உட்கார்ந்திருக்கிறது.

முற்போக்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "உணவு அவரவர் தனிப்பட்ட விருப்பம்" என்கிறீர்கள். விருப்பம் என்றால் எல்லார் விருப்பத்துக்கும் ஒரே வாடகை, ஒரே வாசல் இருக்க வேண்டுமே? 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல், கை கழுவத் தனித்தனி இடம் என்று எழுதி ஒட்டினார்களே, அதுவும் விருப்பம்தானா? 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு கிடையாது. தோல் பதனிட்டே பிழைக்கிற ஊரில், மாட்டுத் தோல் ஏற்றுமதியால் பேர் வாங்கின ஊரில், மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை! தோலுக்குத் தீட்டில்லை, கறிக்குத் தீட்டு. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டைச் சேர்ப்பதைவிட விழாவையே நிறுத்துவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

வடக்கே இது உயிரையே வாங்குகிறது. 2002 அக்டோபரில் அரியானாவின் துலீனாவில் மாட்டுத்தோலுக்காக ஐந்து தலித்துகளைப் போலீஸ் சாவடிப் பக்கத்திலேயே அடித்துக் கொன்றார்கள். 2015 செப்டம்பரில் தாத்ரியில் அக்லாக்கை, வீட்டில் மாட்டுக்கறி இருக்கிறது என்று சொல்லிக் கொன்றார்கள். 2016 சூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டை உரித்த நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். தோலை உரி என்று சொன்னவனும் அவன்தான், உரித்தாயா என்று அடித்தவனும் அவன்தான். 2017 மே மாதம் சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஒரே வாரத்தில் அதை நிறுத்திவைத்தது. அதே நாட்களில் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவரைக் கண்ணில் அடித்தார்கள். அங்கே உயிரைக் குறிவைக்கிற அதே மூக்குதான் இங்கே வாடகை வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன உயர்சாதிப் பிள்ளைகள் சிலர் அங்கே இதே நெஞ்சுக்கறியைப் பன்னிரண்டு மணி நேரம் புகை போட்டு வேகவைத்து, 'பிரிஸ்கெட்' என்று பேர் சொல்லிச் சப்புக்கொட்டுகிறார்கள். டெக்சாசில் பேர்போன பண்டம் அது. அங்கேயும் அது ஏழைக்கறியாக இருந்ததுதான். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து போன யூத ஏழைகள் தங்கள் மத விதிப்படி முன்பாதிக் கறியைத்தான் பெரும்பாலும் தின்றார்கள், அதில் மலிவானது நெஞ்சு. விலை மலிவான முரட்டுக் கறியை மணிக்கணக்கில் வேகவைத்து ருசியாக்கியது அங்கேயும் உழைக்கிற சனம்தான். பிரிஸ்கெட் என்றால் நாகரிகம், நெஞ்சுக்கறி என்றால் சேரி. ஒரே தசை, ஒரே நார், ஒரே கொழுப்பு. பேர்தான் வேறே.

ஆகவே சொல்கிறேன். கறுப்புப் பையை வேண்டாம் என்று சொல்லுங்கள். தூக்குவாளியோடு போங்கள். எந்த இடத்துக் கறி என்று கேட்டு வாங்குங்கள். ஆண்களே, கறி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு ஓடாதீர்கள், வெங்காயம் உரிக்க உட்காருங்கள், ஜன்னலைத் திறக்கிறபோது கூட நில்லுங்கள். வீட்டுக்காரர் படியேறி வந்தால் பதில் சொல்ல நீங்களும் வாசலுக்கு வாருங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஊர்க்காரன் வருவான் என்று ஆட்டுக்கறி மட்டும் போட்டு, நம் சனத்துக்குக் கொல்லைப்புறம் தனிப் பந்தியில் மாட்டுக்கறி போடுகிற கேவலத்தை நிறுத்துங்கள். ஒரே பந்தியில் போடுங்கள், தின்கிறவன் தின்னட்டும், எழுந்திருக்கிறவன் எழுந்திருக்கட்டும், யார் எழுந்திருக்கிறான் என்று நமக்கும் தெரியட்டும்.

காலனியில் வீடு சொந்தமாக இருக்கிறவர்கள் இதைத் தைரியமாகச் செய்யலாம், வாடகைக்கு இருக்கிற நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கலகம் செய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டைச் சொல்லி வீடு மறுப்பது தீண்டாமைதான் என்று நம் இயக்கங்கள் எழுதவும் வழக்குப் போடவும் வேண்டாமா? வன்கொடுமை பற்றி இத்தனை தீர்மானம் போடுகிறோம், வாடகை வீட்டைப் பற்றி எத்தனை தீர்மானம் போட்டோம்? அது நடக்கிறவரைக்கும் ஒன்றை மட்டுமாவது செய்யலாம். டிபன் பாக்ஸில் கறியைக் கட்டிக்கொடுக்கிறபோது பிள்ளையிடம், "என்னன்னு கேட்டா மாட்டுக்கறின்னு சொல்லு, எங்கம்மா ஆக்கினதுன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்புங்கள்.